அத்தியாயம் 6: வார்டுக் கட்டிலிலேயே தூக்கப் பரிசோதனை

வார்டில் இரவு இரண்டு மணிக்கு உரக்கக் குறட்டை விடுகிறவரைப் பற்றி, காலையில் கேஸ் ஷீட்டில் ‘நன்றாகத் தூங்கினார்’ என்றுதான் பெரும்பாலும் எழுதப்படுகிறது. அவர் தூங்கினாரா என்பதே சந்தேகம். குறட்டை மெல்ல ஏறி, சட்டென்று நின்று, பத்து இருபது விநாடி சத்தமே இல்லாமல் போய், பிறகு பெரிய திணறலோடு மூச்சு திரும்புகிறதென்றால், அந்த நேரத்தில் தொண்டை மூடிக்கிடந்தது என்று பொருள். நெஞ்சும் வயிறும் காற்றை இழுக்கப் போராடுகின்றன. காற்று உள்ளே போகவில்லை. ரத்தத்தில் ஆக்ஸிஜன் இறங்குகிறது. மூளை திடுக்கிட்டு விழித்துத் தொண்டையைத் திறக்கிறது. நோயாளிக்கு இது எதுவும் காலையில் நினைவிருக்காது.

இதுதான் அடைப்பு வகை ஸ்லீப் ஆப்னியா. மூச்சுக்காற்று குறைந்தது 10 விநாடி முழுக்க நின்றால் ஆப்னியா. ஓரளவு மட்டும் குறைந்து ஆக்ஸிஜன் இறங்கினாலோ தூக்கம் கலைந்தாலோ ஹைபாப்னியா. இரண்டையும் கூட்டி, ஒரு மணி நேரத் தூக்கத்துக்கு எத்தனை என்று கணக்கிடுவார்கள். 5-க்குக் கீழ் இருந்தால் கவலையில்லை. 5 முதல் 15-க்குள் லேசானது, 15 முதல் 30-க்குள் நடுத்தரம், 30-ம் அதற்கு மேலும் கடுமையானது.

அரிதான நோய் அல்ல இது. உலகில் 30 வயதுக்கும் 69 வயதுக்கும் இடைப்பட்டவர்களில் 93.6 கோடிப் பேருக்கு இந்த எண்ணிக்கை 5-ஐத் தொட்டிருக்கும் என்றும், 42.5 கோடிப் பேருக்கு 15-ஐ எட்டியிருக்கும் என்றும் 2019-இல் லான்செட் குழும இதழில் ஒரு மதிப்பீடு வந்தது. தில்லியில் நடுவயதினரிடம் நடத்தி 2009-இல் வெளியிட்ட ஆய்வில் 9.3 சதவீதம் பேருக்கு இருந்தது. இவர்களில் மிகப் பலருக்குத் தங்களுக்கு இந்நோய் இருப்பதே தெரியாது. ஆனால் அவர்கள் ஆஸ்பத்திரிக்கு வராமல் இல்லை. இதயச் செயலிழப்பு, பக்கவாதம், அடங்காத ரத்த அழுத்தம், பித்தப்பை ஆபரேஷன், மூட்டு மாற்று என்று வேறு ஏதோ காரணத்துக்காக வந்து, பல இரவுகள் கட்டிலில் படுத்திருந்துவிட்டு, நோய் கண்டுபிடிக்கப்படாமலே வீடு திரும்புகிறார்கள்.

அந்த இரவுகளில் ஒன்றைப் பயன்படுத்திக்கொள்வது எப்படி என்பதே இந்த அத்தியாயம்.

முழுமையான ஸ்லீப் ஸ்டடிக்குத் தனி அறை வேண்டும். தலையில் மூளை அலைக்கான வயர்கள், கண்ணோரம், தாடை, கால் என எங்கும் சென்சார்கள், இரவு முழுக்கக் கண்விழித்துப் பார்க்கும் டெக்னீஷியன் என்று ஏற்பாடு பெரியது. டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருக்கும் நோயாளியை அந்த அறைக்குக் கொண்டுபோக முடியாது. கையடக்கக் கருவியை அவர் கட்டிலுக்கே கொண்டுபோகலாம். அதன் பலம் அதுதான். ஆனால் யாருக்கு, எந்த இரவில் மாட்டுகிறோம் என்பதைப் பொறுத்தே அது சொல்வதை நம்பலாமா கூடாதா என்று முடிவாகிறது.

தேடிப் பார்த்தவர்கள் கண்டது

ஹாங்காங், சிங்கப்பூர், மலேசியா, நியூசிலாந்து, கனடா ஆகிய ஐந்து இடங்களில் எட்டு ஆஸ்பத்திரிகள் சேர்ந்து நடத்திய ஆய்வு 2019-இல் ஜாமா இதழில் வெளியானது. இதயம் சாராத பெரிய ஆபரேஷனுக்கு வந்த, ஸ்லீப் ஆப்னியா இருப்பதாக அதுவரை யாரும் சொல்லாத 1,218 பேருக்கு ஆபரேஷனுக்கு முன் கையடக்கக் கருவியை மாட்டிப் பார்த்தார்கள். மூன்றில் இரண்டு பங்கினருக்கு ஏதோ ஓர் அளவில் நோய் இருந்தது, 11.2 சதவீதம் பேருக்குக் கடுமையாகவே இருந்தது. ஆபரேஷன் முடிந்து 30 நாட்களுக்குள் இதயம், ரத்தநாளம் தொடர்பான சிக்கல் வந்தவர்கள், நோய் இல்லாதவர்களில் 14.2 சதவீதம், கடுமையாக இருந்தவர்களில் 30.1 சதவீதம். மயக்க மருந்து கொடுப்பவரும் வார்டு நர்ஸும் ஆபரேஷனுக்கு முன்பே தெரிந்துகொள்ள வேண்டிய தகவல் இது.

இதய வார்டுகளில் இன்னும் அதிகம். அமெரிக்காவின் ஒஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில், இதயச் செயலிழப்பு முற்றி அட்மிட் ஆன 395 பேரை வார்டிலேயே கையடக்கக் கருவியால் சோதித்து 2009-இல் முடிவை வெளியிட்டார்கள். நான்கில் மூன்று பங்கினருக்குத் தூக்கத்தில் மூச்சுக் கோளாறு இருந்தது. 57 சதவீதம் பேருக்கு அடைப்பு வகை. 18 சதவீதம் பேருக்கு மூளையிலிருந்து மூச்சுக் கட்டளையே விட்டுவிட்டு வரும் மைய வகை. அதே குழு 2015-இல் 1,117 பேரை வைத்து வெளியிட்ட ஆய்வில், இந்த இரண்டு வகைக்காரர்களும் டிஸ்சார்ஜ் ஆன பிறகு இறக்கும் அபாயம் மற்றவர்களைவிடக் கூடுதலாக இருந்தது. பக்கவாதம் வந்தவர்களைப் பொறுத்தவரை, பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில் பாதிக்கும் வெகு மேலானோருக்கு மூச்சுக் கோளாறு இருப்பது தெரிந்தது.

கண்டுபிடித்தால் மட்டும் உயிர் காத்துவிடலாமா என்று கேட்பது நியாயம். பதில் அவ்வளவு எளிதல்ல. ஏற்கெனவே இதயநோயோ மூளை ரத்தநாள நோயோ உள்ள 2,717 பேரிடம் நடந்து 2016-இல் வெளியான ‘சேவ்’ ஆய்வில் இந்தியாவும் பங்கேற்றது. மாஸ்க் வழியே காற்றழுத்தம் கொடுத்துத் தொண்டை மூடாமல் காக்கும் சி-பேப் கருவி மாட்டியவர்களுக்கு மாரடைப்பும் பக்கவாதமும் குறையவில்லை. ஆனால் அவர்கள் சராசரியாக இரவுக்கு 3.3 மணி நேரம்தான் அதை மாட்டினார்கள். பகல் தூக்கம் குறைந்தது, மனநிலை மேம்பட்டது, அன்றாட வாழ்வு எளிதானது. இவையும் நோயாளிக்குப் பெரிய விஷயங்கள்தான். ஆகவே பரிசோதனையை உயிர்காக்கும் மந்திரமாக விற்கக் கூடாது. ஆபரேஷன் பாதுகாப்புக்கும், மருந்து தேர்வுக்கும், நோயாளியின் பகல் பொழுதுக்கும் அது உதவும் என்று சொல்வதே நேர்மை.

எந்தக் கருவி

1994-இல் அமெரிக்கத் தூக்க மருத்துவ அமைப்பு, தூக்கக் கருவிகளை நான்கு நிலையாகப் பிரித்தது. அந்தப் பிரிவு இன்றும் பேச்சில் இருக்கிறது. முதல் நிலை, ஆள் இருந்து பார்க்கும் முழு ஸ்லீப் ஸ்டடி. இரண்டாம் நிலை, அதே வயர்கள், ஆள் இல்லாமல். வார்டுக்குப் பொருத்தம் மூன்றாம் நிலைதான்: மூக்கில் காற்றோட்டத்தை அளக்கும் சிறு குழாய், நெஞ்சிலும் வயிற்றிலும் ஒவ்வொரு பெல்ட், விரலில் ஆக்ஸிமீட்டர், படுக்கும் நிலையைக் காட்டும் சென்சார். நான்காம் நிலையில் ஒன்றோ இரண்டோ அளவுகள் மட்டும். ராத்திரி முழுக்கப் பதிவு செய்யும் ஆக்ஸிமீட்டர் இந்த வகை.

இரண்டு பெல்ட்டை வீண் தொல்லை என்று கழற்றிவிடுகிறவர்கள் உண்டு. அந்த இரண்டு பெல்ட்டுக்காகத்தான் மூன்றாம் நிலைக் கருவியே. காற்று நின்றபோது நெஞ்சும் வயிறும் அசைந்துகொண்டிருந்தால் அடைப்பு வகை. அவையும் அசையாமல் இருந்தால் மைய வகை. இதய நோயாளியிடம் இந்த வித்தியாசம் தெரியாமல் சிகிச்சைக் கருவி மாட்டிவிடுவது ஆபத்து. 2015-இல் வெளியான ‘சர்வ்-எச்எஃப்’ ஆய்வு அதைக் காட்டிக்கொடுத்தது. ஈ.எஃப். (ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் வெளித்தள்ளும் ரத்தத்தின் பங்கு) 45 சதவீதமோ அதற்குக் கீழோ உள்ள, மைய வகை மேலோங்கிய 1,325 பேரில், மூச்சுக்கு மூச்சு தானாக அழுத்தத்தை மாற்றிக்கொள்ளும் ஏ.எஸ்.வி. கருவியைப் பயன்படுத்திய பிரிவில் இதய, ரத்தநாள நோயால் இறந்தவர்கள் 29.9 சதவீதம், பயன்படுத்தாத பிரிவில் 24 சதவீதம். எண்ணிக்கையைக் குறைத்த கருவி, சாவைக் கூட்டியது.

விரல் நுனி ரத்தநாளத்தின் சுருக்கத்தை அளந்து கணக்குப் போடும் கைக்கடிகார வகைக் கருவிகளும் உண்டு. மாட்டுவது சுலபம், மூக்கில் குழாய் இல்லை. ஆனால் பிராசோசின் போன்ற ஆல்ஃபா பிளாக்கர் மாத்திரை எடுப்பவர்களிடமும், சில வகை பேஸ்மேக்கர் வைத்தவர்களிடமும் இதன் கணக்கு தவறும். சிறுநீரக, இதய வார்டுகளில் இப்படிப்பட்டவர்கள் நிறைய. கேஸ் ஷீட்டைப் பார்க்காமல் மாட்டக் கூடாது.

சாதாரண ஆக்ஸிமீட்டரைப் பொறுத்தவரை கவனிக்க வேண்டியது ஒன்று: அது எத்தனை விநாடிக்குச் சராசரி எடுக்கிறது? 3 விநாடி அல்லது குறைவாக இருந்தால் நல்லது. சராசரி நேரம் கூடக்கூடக் குட்டிக் குட்டி இறக்கங்கள் தேய்ந்து மறைந்துவிடும். கருமை நிறத் தோலில் ஆக்ஸிஜன் அளவைச் சற்றுக் கூட்டிக் காட்டும் போக்கு இந்தக் கருவிகளுக்கு உண்டு என்பதும் 2020-இல் அமெரிக்க ஆஸ்பத்திரித் தரவுகளிலிருந்து உறுதிப்பட்டது. எனவே தனி எண்ணை மட்டும் பார்க்காமல் இறக்க ஏற்றத்தின் வடிவத்தைப் பார்க்க வேண்டும்.

யாரைச் சோதிப்பது

டொரன்டோவின் மயக்க மருத்துவர் பிரான்சிஸ் சுங் குழு 2008-இல் வெளியிட்ட ‘ஸ்டாப்-பேங்’ கேள்விகள் எட்டு. உரத்த குறட்டை, பகல் அசதி, மூச்சு நின்றதைப் பிறர் பார்த்தது, ரத்த அழுத்தம், பி.எம்.ஐ. 35-க்கு மேல், வயது 50-க்கு மேல், கழுத்துச் சுற்றளவு 40 செ.மீ.க்கு மேல், ஆண். ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பெண். 0 முதல் 2 வரை அபாயம் குறைவு, 3-ம் 4-ம் இடைநிலை, 5-ம் அதற்கு மேலும் அதிகம். நம் உடல்வாகுக்கு 35 என்ற பி.எம்.ஐ. வரம்பு மிக உயரம். ஆசியர்களிடம் 30, 27.5 என்று தாழ்த்திப் பார்த்த ஆய்வுகள் உண்டு. ஒல்லியாக, தாடை உள்வாங்கியிருக்கும் நோயாளியையும் விட்டுவிடக் கூடாது.

மூன்றாவது கேள்விக்கு நோயாளியிடம் பதில் இருக்காது. உடன் தங்கியிருப்பவரிடம் கேட்க வேண்டும், அதுவும் அவர் பேசும் மொழியில்.

“அம்மா, ராத்திரி ஐயா குறட்டை விடுறப்ப நடுவுல சத்தமே இல்லாம நின்னுபோகுதா?”

“ஆமா சிஸ்டர். பயந்துபோய் பல நாள் தட்டி எழுப்பியிருக்கேன்.”

இந்த ஒரு பதில், மற்ற ஏழு கேள்விகளில் பலவற்றைவிடக் கனமானது. குடும்பத்தார் சம்மதித்தால் செல்போனில் இரண்டு நிமிட வீடியோ எடுத்துவைக்கச் சொல்லலாம். இதயச் செயலிழப்பு உள்ளவர்களிடம் ‘பகலில் தூக்கம் வருகிறதா’ என்ற கேள்வியை மட்டும் நம்ப வேண்டாம். நோய் கடுமையாக இருந்தும் தூக்கக் கலக்கமே சொல்லாதவர்கள் அவர்களில் அதிகம்.

அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாடமியின் 2017 வழிகாட்டுதல், வேறு பெரிய நோய் இல்லாத, அபாயம் அதிகமுள்ள பெரியவர்களுக்கே கையடக்கக் கருவியைப் பரிந்துரைக்கிறது. கணிசமான இதய, நுரையீரல் நோய், பக்கவாதம் வந்தவர், தசை பலவீனம், நீண்டநாள் ஓபியாய்டு மருந்து, கடுமையான தூக்கமின்மை ஆகியவற்றுக்கு முழு ஸ்லீப் ஸ்டடியே வேண்டும் என்கிறது. வார்டில் இருப்பவர்களோ பெரும்பாலும் இந்தப் பட்டியலில்தான் வருகிறார்கள். அப்படியானால் வார்டில் சோதிக்கவே கூடாதா? சோதிக்கலாம். முடிவை இறுதித் தீர்ப்பாக எடுத்துக்கொள்ளாமல் முதல் தடயமாக எடுத்துக்கொள்ள வேண்டும். எண்ணிக்கை மிக அதிகமாக, தெளிவாக அடைப்பு வகையாக வந்தால் அதை நம்பி அடுத்த வேலையைத் தொடங்கலாம். ‘நோய் இல்லை’ என்று வந்தால் நம்பக் கூடாது. சந்தேகம் இருக்கும்வரை முழு ஸ்டடிக்கு அனுப்ப வேண்டும்.

ஒருவகை நோயாளியிடம் மட்டும் இந்தக் கருவி மிகவும் ஏமாற்றும். உடல் மிகப் பருத்து, விழித்திருக்கும்போதே மூச்சு போதாமல் கார்பன் டை ஆக்சைடு தேங்குபவர்கள் அவர்கள். கருவிக்கு அந்த வாயு தெரியாது. ரத்தத்தில் பைகார்பனேட் 27-ஐத் தொட்டிருந்தால் ஏ.பி.ஜி. (தமனி ரத்த வாயுப் பரிசோதனை) எடுத்துப் பார்க்க வேண்டும். அத்தகைய சந்தேகத்தோடு அட்மிட் ஆனவர்களை வீட்டுக்கு அனுப்பும்போதே மூச்சுக் கருவியோடு அனுப்பி, மூன்று மாதத்துக்குள் முழுப் பரிசோதனை செய்யச் சொல்கிறது 2019-இல் அமெரிக்க மார்பு நோய்ச் சங்கம் வெளியிட்ட வழிகாட்டுதல்.

எந்த இரவு

அட்மிட் ஆன முதல் இரவு வேண்டாம். இதயச் செயலிழப்பில் காலில் தேங்கிய நீர், படுத்ததும் கழுத்துப் பக்கம் ஏறித் தொண்டையை நெருக்கும். லாசிக்ஸ் கொடுத்து நீர் வடிந்தபின் எண்ணிக்கை மாறும். மூச்சுத்திணறல் அடங்கி, நோயாளி தட்டையாகப் படுக்க முடிகிற இரவுதான் ஏற்றது. ஆபரேஷன் நோயாளிக்கு முந்தின இரவே. ஆபரேஷனுக்குப் பின் வலிமருந்தும் கலைந்த தூக்கமும் கணக்கைக் குழப்பும். மூன்றாம் இரவில் எண்ணிக்கை உச்சத்தைத் தொடுவதாக டொரன்டோவில் நடந்த ஓர் ஆய்வு காட்டியிருக்கிறது. அதே நேரத்தில், இந்தப் பரிசோதனைக்காக ஆபரேஷனைத் தள்ளிப்போடவும் அவசியமில்லை. மற்ற நோய்கள் கட்டுக்குள் இருந்து, மூச்சும் போதுமானதாக இருந்தால், ‘ஸ்லீப் ஆப்னியா இருக்கலாம்’ என்று வைத்துக்கொண்டே எச்சரிக்கையோடு நடத்தலாம்.

ஆக்ஸிஜன் ஓடிக்கொண்டிருந்தால் இன்னொரு சிக்கல். மூச்சு நின்றாலும் ஆக்ஸிஜன் அளவு இறங்காது. ஹைபாப்னியாக்கள் கணக்கில் வராமல் போகும். அதற்காகப் பரிசோதனையின் பெயரில் ஆக்ஸிஜனைக் கழற்றும் உரிமை நர்ஸுக்கோ டெக்னீஷியனுக்கோ இல்லை. டூட்டி டாக்டர் பார்த்து, ஆக்ஸிஜன் இல்லாமலே அளவு நிலையாக நிற்கிறது என்று எழுதிக் கொடுத்த பிறகே. முடியாதென்றால் எத்தனை லிட்டர் ஓடியது என்பதை ரிப்போர்ட்டின் மேலேயே எழுத வேண்டும்.

மாட்டும் முறை

இரவு ஒன்பது மணிக்குள், நோயாளி தூக்கக் கலக்கத்துக்குப் போகுமுன் மாட்டிவிட வேண்டும். பேட்டரி, கருவியின் நேரம், பழைய நோயாளியின் பதிவு அழிக்கப்பட்டதா என்று முதலில் பார்க்க வேண்டும். மூக்குக் குழாய் ஒருவருக்கு ஒன்றுதான். கழுவி அடுத்தவருக்கு மாட்டும் வழக்கம் எங்கே இருந்தாலும் நிறுத்தப்பட வேண்டும். கன்னத்தில் பிளாஸ்திரி ஒட்டிக் குழாயை நிறுத்த வேண்டும். ரைல்ஸ் டியூப் இருந்தால் மறு நாசியில் காற்று வருகிறதா என்று பார்க்க வேண்டும். ஒரு பெல்ட் அக்குளுக்குக் கீழே, இன்னொன்று தொப்புள் மட்டத்தில். மடிந்து முறுக்கிக்கொள்ளாமல், இரண்டு விரல் நுழையும் இறுக்கத்தில்.

விரல் சென்சார், பி.பி. கஃப் கட்டாத கையில். கஃப் ஒவ்வொரு முறை இறுகும்போதும் பொய்யான இறக்கம் பதிவாகும். நெயில் பாலிஷைத் துடைத்துவிட வேண்டும். கல்யாண வீட்டிலிருந்து நேராக வந்தவர்களின் விரலில் கறுப்பு மருதாணி இருந்தால் வேறு விரலோ காதுமடலோ பார்க்க வேண்டும். கிளிப்பின் மேல் ஒரு சுற்று டேப் ஒட்டினால் புரண்டு படுத்தாலும் கழலாது.

நைட் டூட்டி சிஸ்டர் நான்கு விஷயங்களை மட்டும் நேரத்தோடு குறித்தால் போதும்: விளக்கணைத்தது, எழுந்து பாத்ரூம் போனது, தூக்க மாத்திரையோ வலி ஊசியோ கொடுத்தது, ஆக்ஸிஜன் ஆரம்பித்தது. கட்டில் தலைமாடு எவ்வளவு உயர்ந்திருந்தது என்பதும் முக்கியம். சாய்ந்து உட்கார்ந்தபடி தூங்கியவருக்குக் கணக்கு குறைந்துதான் வரும்.

காலையில்

கம்ப்யூட்டர் அச்சிட்டுத் தரும் எண்ணை அப்படியே கேஸ் ஷீட்டில் ஒட்டக் கூடாது. பயிற்சி பெற்றவர் அலைகளைக் கண்ணால் பார்க்க வேண்டும். காற்றோட்டமும் ஆக்ஸிஜனும் தெளிவாகப் பதிவான நேரம் குறைந்தது 4 மணி இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அது பரிசோதனையே அல்ல.

மூளை அலை இல்லாததால் நோயாளி எப்போது தூங்கினார் என்பது கருவிக்குத் தெரியாது. மொத்தப் பதிவு நேரத்தால்தான் வகுக்கும். பக்கத்துக் கட்டில் சத்தத்திலும் விளக்கிலும் வார்டு நோயாளி பாதி ராத்திரி விழித்தே கிடப்பார். 8 மணி நேரப் பதிவில் 60 முறை மூச்சு தடைப்பட்டால் மணிக்கு 7.5, லேசானது என்று ரிப்போர்ட் வரும். அவர் உண்மையில் தூங்கியது 4 மணி நேரம்தான் என்றால் மணிக்கு 15, அதாவது நடுத்தரம். ‘இல்லை’ என்ற முடிவை வார்டில் நம்பக் கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான காரணம் வேண்டாம்.

கடுமையான அடைப்பு வகை உறுதியானால் அன்று மாலையே தொடங்க வேண்டிய காரியங்கள் உண்டு. மல்லாந்து படுக்காமல் ஒருக்களித்துப் படுக்க வைப்பது, தலைமாட்டை உயர்த்துவது, தூக்க மாத்திரையையும் ஓபியாய்டையும் முடிந்தவரை தவிர்ப்பது, தவிர்க்க முடியாவிட்டால் ராத்திரி முழுக்க ஆக்ஸிமீட்டர் மாட்டிவைப்பது, மயக்க மருத்துவரிடம் நேரில் சொல்வது. சிட்னியில் காலின் சல்லிவன் 1981-இல் உலகுக்கு அறிவித்த சி-பேப்பை வார்டிலேயே மாட்டிப் பழக்கலாம். மாஸ்க் அளவு பார்க்கவும் பயம் தெளியவும் ஆஸ்பத்திரி இரவைவிட நல்ல இடம் கிடைக்காது. ஒஹையோ குழு 46 இதய நோயாளிகளில் ஒரு பிரிவினருக்கு மூன்று இரவுகள் தானியங்கி சி-பேப் மாட்டியபோது இதயத்தின் ஈ.எஃப். அளவு சற்று மேம்பட்டதாக 2009-இல் எழுதியது. சிறிய ஆய்வுதான், ஆனால் வார்டில் தொடங்க முடியும் என்பதற்கு அதுவே சான்று.

இவ்வளவும் செய்துவிட்டு டிஸ்சார்ஜ் சம்மரியில் எழுதாமல் விட்டால், அடுத்த ஆஸ்பத்திரியில் அடுத்த மயக்க மருத்துவருக்கு எதுவும் தெரியாது. எழுத வேண்டியவை: எந்தத் தேதியில் எந்தக் கருவியால் சோதித்தது, மணிக்கு எத்தனை, அடைப்பு வகையா மைய வகையா, மிகக் குறைந்த ஆக்ஸிஜன் அளவு எவ்வளவு, அப்போது ஆக்ஸிஜன் ஓடியதா, முழு ஸ்லீப் ஸ்டடிக்கு எங்கே, எப்போது வர வேண்டும். இதை நோயாளியின் மனைவியிடமோ மகனிடமோ தமிழில் ஒருமுறை படித்துக் காட்டி, அவர்கள் புரிந்துகொண்டதைக் கேட்டறிந்த பிறகே வீட்டுக்கு அனுப்புங்கள்.